நைட் (knight) என்ற சொல்லுக்கு மராத்தியில் எது சரி: சர்தாரா, ஷிலேதாரா, கோடாவா?

#1 காவேரிக்கரை

வணக்கம். நாங்கள் புனேவுக்குக் குடிவந்து பதினொரு வருடம் ஆகிறது. மகன் ஆறாம் வகுப்பு. ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கதையைக் கொடுத்து, மராத்தியில் எழுதிக்கொண்டு வரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். கதையில் ஒரு நைட் வருகிறான். அரசன் முன்னால் மண்டியிடுகிறான். அரசன் வாளால் அவன் தோளைத் தொட்டுப் பட்டம் கொடுக்கிறான். அப்புறம் அவன் குதிரையேறி எல்லைக் காவலுக்குப் போகிறான். அவ்வளவுதான் கதை.

அகராதியைப் புரட்டினால் சர்தார் என்றும் இருக்கிறது, சர் பட்டம் பெற்றவர் என்றும் இருக்கிறது. செஸ் வகுப்பில் அதே நைட்டுக்கு கோடா, அதாவது குதிரை என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆஜோபா (மராத்தியில் தாத்தாவை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சர்தார் வேண்டாம், ஷிலேதார் என்று போடு" என்றார்.

அதோடு விட்டானா? "அம்மா, தமிழில் என்ன?" என்று கேட்டான். வீரன் என்றேன். "வீரன் என்றால் வாரியர் இல்லையா?" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மராத்தி, ஆங்கிலம் இரண்டும் அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கொஞ்சம் விளக்குங்கள்.

#2 கறுப்புக்குதிரை

செஸ் வரைக்கும் குழப்பமே இல்லை. மராத்தியில் செஸ்ஸுக்கே புத்திபள் என்று பெயர், புத்தியின் பலம். அதில் ராஜா, வஜீர், ஹத்தி, உண்ட், கோடா, ப்யாதே. உண்ட் என்றால் ஒட்டகம், ஆங்கிலேயர் பிஷப் என்று சொல்லும் காய். கோடாவின் முதல் எழுத்தை மட்டும் மூச்சை அழுத்திச் சொல்ல வேண்டும், நம் கோடா போல மெலிதாகச் சொன்னால் சிரிப்பார்கள். தமிழிலும் குதிரைதான். அந்த ஒரு பொருளுக்கு வேறு சொல் தேட வேண்டாம்.

#3 பழஞ்சொல்

சகோதரி, உங்கள் மகன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. மராத்திக்குப் போகும் முன் ஆங்கிலச் சொல்லையே பார்த்துவிடுவோம். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பையன் என்று பொருள். பிறகு ஏவல் செய்யும் பையன், வேலையாள். பைபிளை அந்தக் கால ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் இயேசுவின் சீடர்களைக் கற்கும் பையன்கள் என்ற பொருளில், இதே சொல்லைச் சேர்த்துத்தான் அழைத்தார்கள். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது: க்னெஃட். அதன் பொருள் பண்ணையாள். அங்கே அது வேலையாளாகவே நின்றுவிட்டது. குதிரைவீரனுக்கு ஜெர்மானியர் ரிட்டர் என்ற வேறு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சவாரி செய்பவன் என்று பொருள்.

ஆங்கிலத்தில் மட்டும் பையன் மேலே ஏறினான். 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களோடு குதிரைமேல் இருந்து போரிடும் ஆட்கள் வந்தார்கள். பிரபுவுக்கு ஊழியம் செய்த ஆயுதந்தாங்கி ஆட்கள். ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அவர்களும் யாரோ ஒருவரின் ஆட்கள்தானே. அதனால் பழைய 'ஆள்' என்ற சொல்லையே அவர்களுக்கும் சொன்னார்கள். பிறகு அந்த ஆட்களுக்கு நிலம் கிடைத்தது. நிலத்துக்கு ஈடாக வருடத்தில் 40 நாள் குதிரையோடும் கவசத்தோடும் படைக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். நிலம் வந்ததும் மதிப்பு வந்தது, மதிப்பு வந்ததும் பட்டம் வந்தது. வேலைக்காரப் பையன் சில நூறு வருடத்தில் பெரிய மனிதன் ஆகிவிட்டான். சொல் மாறவில்லை, அதற்குள் இருந்த ஆள் மாறிவிட்டான்.

எழுத்திலும் இதன் தடயம் இருக்கிறது. இன்று வாயில் வராத கே, ஜி, எச் மூன்றும் ஒரு காலத்தில் ஒலித்தவை. ஏறக்குறைய க்னிஃட் என்று சொன்னார்கள். நடுவில் வருவது நம் ஆய்தத்துக்கு மிக அருகில் உள்ள ஒலி. 18ஆம் நூற்றாண்டு வருவதற்குள் பொதுப் பேச்சில் இந்த ஒலிகள் தேய்ந்து போயின, எழுத்து மட்டும் மிஞ்சியது. அதனால்தான் இன்று இரவும் நைட், இவனும் நைட்.

பிரெஞ்சில் குதிரைக்காரன் என்ற பொருளில் செவாலியே என்றார்கள். 1995ல் பிரான்ஸ் அரசு சிவாஜி கணேசனுக்குத் தந்த செவாலியே இதேதான். மராட்டிய மன்னனாக மேடையில் நடித்துப் பெற்ற பெயரோடு பிரெஞ்சு நைட் பட்டம் சேர்ந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

#4 காவேரிக்கரை

மிக்க நன்றி ஐயா. மகனுக்குப் படித்துக் காட்டினேன். கே எழுத்து ஒரு காலத்தில் பேசியது என்றதும் அரைமணி நேரம் க்னிஃட், க்னிஃட் என்று வீட்டைச் சுற்றினான்.

ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. மராத்தியில் எது?

#5 தக்காணத்தான்

ஆஜோபா சொன்னது சரி. சர்தார் என்று போடுவது பழக்கத்தில் வந்துவிட்ட தவறு என்பது என் எண்ணம். காரணம் சொல்கிறேன்.

சர்தார் பாரசீகச் சொல். சர் என்றால் தலை, தார் என்றால் உடையவன். தலைமை உடையவன், படைத்தலைவன். மராத்தா வரலாற்றில் சர்தார் என்றால் ஷிண்டே, ஹோல்கர், கெய்க்வாட் போன்றவர்கள். ஆயிரக்கணக்கில் குதிரைப்படை வைத்திருந்தவர்கள். அவர்களை ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் பெரும் பிரபுக்கள். கதையில் வரும் தனி மனிதன் ஒரு குதிரையோடு எல்லைக்குப் போகிறான், அவனை சர்தார் என்றால் அளவு பொருந்தவில்லை.

சிவாஜி மகாராஜாவின் குதிரைப்படையில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். சொந்தக் குதிரையும் சொந்த ஆயுதமும் கொண்டு வந்தவன் ஷிலேதார். ஸிலாஹ் என்றால் அரபியில் ஆயுதம், ஆயுதம் உடையவன் என்பதே சொல்லின் பொருள். அரசாங்கக் குதிரையில் ஏறிப் போரிட்டவன் பார்கீர். அரசாங்கக் குதிரை லாயத்துக்கு, அந்தப் படைக்கும் சேர்த்தே, பாகா என்று பெயர்.

இந்த அமைப்பை எழுதி வைத்தவர் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத். 1690களில் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்த காலத்தில் எழுதப்பட்டது அவருடைய பகர், அதாவது வரலாற்று நடை நூல். மராத்தா படையைப் பற்றிய மிக முக்கியமான மராத்திச் சான்று நம் செஞ்சியில் பிறந்திருக்கிறது! அவர் சொல்லும் கணக்கு இது: 25 பார்கீர்களுக்கு ஒரு ஹவல்தார், 5 ஹவல்தார்களுக்கு ஒரு ஜும்லேதார், 10 ஜும்லாக்களுக்கு ஒரு ஹஜாரி, எல்லோருக்கும் மேலே சர்நோபத். ஒவ்வொரு 25 குதிரைக்கும் ஒரு தண்ணீர்க்காரரும் ஒரு லாடக்காரரும் உண்டு. எனக்கு இந்தக் கடைசி விவரம்தான் மிகவும் பிடிக்கும். குதிரைப்படை என்றால் வாளும் கொடியும் நினைவுக்கு வருகின்றன. லாடம் இல்லாமல் தக்காணத்துப் பாறையில் குதிரை எத்தனை நாள் ஓடும்?

ஆக, சொந்தக் குதிரை, சொந்த ஆயுதம், அரசனுக்கு ஊழியம். நைட்டுக்கு மிக அருகில் நிற்பவன் ஷிலேதார்.

#6 நாசிக்வாசி

நான் நாசிக்கில் பிறந்து மராத்திவழிப் பள்ளியில் படித்தவள். தக்காணத்தான் சொல்லும் வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சொல் இன்று எப்படி வாழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நாங்கள் சின்ன வயதில் மராத்தியில் படித்த ஐரோப்பியக் கதைகளில் நைட் பெரும்பாலும் சர்தார்தான். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் மனத்தில் வருவது ஆயிரம் குதிரைக்குத் தலைவன் இல்லை, அரசவையில் மரியாதையோடு நிற்கும் ஒரு வீரன். மண்டியிட்டுப் பட்டம் வாங்கும் காட்சிக்கு சர்தார் என் காதில் இயல்பாகவே விழுகிறது.

ஷிலேதார் இன்று வேறு இடத்துக்குப் போய்விட்டது. மராத்திச் செய்தித்தாளில் ஒரு தலைவரின் நம்பிக்கைக்குரிய ஆட்களை அவருடைய ஷிலேதார்கள் என்று எழுதுவார்கள். கிரிக்கெட் அணியின் ஆட்டக்காரர்களையும் அப்படித்தான். தலைவனுக்கு உண்மையாக நிற்பவன் என்ற நிறம் ஏறிவிட்டது. குடும்பப் பெயராகவும் உண்டு. சங்கீத நாடகம் கேட்டவர்களுக்கு ஜெயராம் ஷிலேதார், ஜெயமாலா ஷிலேதார் என்றால் குரல்தான் நினைவுக்கு வரும், குதிரை வராது.

இன்னொரு எச்சரிக்கை. ஆங்கிலப் பட்டமான சர் வேறு, சர்தாரில் உள்ள பாரசீக சர் வேறு. மராத்தியில் இரண்டும் ஒரே எழுத்தில் எழுதப்படுகின்றன. போதாததற்கு 'சர் கரணே' என்றால் வெல்லுதல். கோட்டையைச் சர் செய்தார்கள், எவரெஸ்ட்டைச் சர் செய்தார்கள் என்று எழுதுவோம். பள்ளி ஆசிரியரும் சர். ஒரு மராத்திப் பிள்ளை ஒரே நாளில் இந்தச் சொல்லை மூன்று பொருளில் கேட்கும்.

#7 தக்காணத்தான்

நாசிக்வாசி, பழக்கத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நீங்களே சொன்ன 'தலைவனுக்கு உண்மையாக நிற்பவன்' என்ற நிறம் இன்றைய ஆங்கில நைட்டிலும் இல்லையா? ஒருவருக்காக வாளேந்தி நிற்பவன் என்றுதானே ஆங்கிலேயர் உருவகமாகச் சொல்கிறார்கள். அப்படியானால் ஷிலேதார் பழைய பொருளிலும் பொருந்துகிறது, புதிய பொருளிலும் பொருந்துகிறது.

ஒரு விஷயத்தில் என் வாதத்தை நானே திருத்திக்கொள்கிறேன். ஐரோப்பிய நைட் நிலம் பெற்றான். சிவாஜி மகாராஜா படையாட்களுக்கு நிலம் கொடுப்பதைத் தவிர்த்தார், சம்பளமாகப் பணம் கொடுப்பதையே விரும்பினார். நிலம் கொடுத்தால் ஆள் தனி அரசனாகிவிடுவான் என்ற அச்சம். சொந்தக் குதிரைக்காரர்களான ஷிலேதார்களையும் பாகாவின் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வைத்தார். பிற்காலத்தில் பேஷ்வாக்கள், அதாவது மராத்தா அரசின் முதன்மை அமைச்சர்கள், ஆட்சியில் சரஞ்சாம் என்ற பெயரில் நில வருவாய் கொடுக்கும் முறை ஓங்கியது, சர்தார்கள் பெருத்தார்கள். நிலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நைட் சர்தார் பக்கம் சாய்கிறான். குதிரையையும் ஊழியத்தையும் வைத்துப் பார்த்தால் ஷிலேதார் பக்கம்.

#8 ஹூக்ளிக்கரை

பார்கீர் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொல்கத்தாவில் இருபது வருடமாக இருக்கிறேன். வங்காளத்தில் அந்தச் சொல் பொர்கி ஆகிவிட்டது. 1740களில் நாக்பூர் போன்ஸ்லேயின் குதிரைப்படை வருடா வருடம் வங்காளத்தைக் கொள்ளையடித்தது. 1751ல் உடன்படிக்கை ஆகும் வரை ஓயவில்லை. 1742ல் கொல்கத்தாவைச் சுற்றி ஒரு அகழியே வெட்டினார்கள், மராத்தா அகழி என்று பெயர். பிள்ளை தூங்கிவிட்டது, ஊர் அடங்கிவிட்டது, பொர்கிகள் நாட்டுக்குள் வந்துவிட்டார்கள், வரி எப்படிக் கட்டுவது என்று இன்றும் இங்கே தாலாட்டு உண்டு.

மராத்தி வீட்டில் சம்பளத்துக்குக் குதிரையேறிய சாதாரண ஆள். வங்காளி வீட்டில் குழந்தையைப் பயமுறுத்தித் தூங்க வைக்கும் பெயர். இதே ஊரின் கிரிக்கெட் அணிக்கு 2008ல் நைட் ரைடர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வங்காளத்திலும் மராத்தியிலும் தமிழிலும் எழுதிப் பார்த்தால் கே மறைந்துவிடுகிறது, பாதிப் பேர் இரவுச் சவாரிக்காரர்கள் என்றே நினைத்திருக்கிறார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

#9 கறுப்புக்குதிரை

ரைடர்ஸ் என்றதும் மறுபடி செஸ்ஸுக்கு வருகிறேன். காய் குதிரைத் தலையாக இருக்க, ஆங்கிலேயர் ஏன் அதன்மேல் இருக்கும் ஆளின் பெயரைச் சொல்கிறார்கள் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். இந்தியாவில் பிறந்த சதுரங்கத்தில் நாலு படை: யானை, குதிரை, தேர், காலாள். பாரசீகத்திலும் அரபியிலும் அது குதிரையாகவே போனது. ரஷ்யர், ஸ்பானியர், இத்தாலியர் இன்றும் குதிரை என்கிறார்கள். ஜெர்மானியர் தாவுபவன் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும்தான் குதிரையை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டத்தைக் குறித்து எழுதும்போது கே எழுத்து கிங்குக்குப் போய்விடுவதால் நைட்டுக்கு என் என்ற எழுத்து. பேச்சில் ஒலிக்கும் முதல் எழுத்து அதுதானே.

மராத்திக்காரர்கள் கோடா 'அடீச் கர்' போகும் என்பார்கள், இரண்டரை வீடு. அது எப்படி இரண்டரை என்று எங்கள் பயிற்சியாளரைக் கேட்டபோது, நேராக இரண்டு, பக்கவாட்டில் திரும்புவது அரை என்றார். சதுரங்கத்தில் ராணியும் பிஷப்பும் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் நடை மாறின. குதிரை மட்டும் ஆதியில் எப்படித் தாவியதோ இன்றும் அப்படியே தாவுகிறது.

#10 மணிமொழி

பட்டத்தைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. அகராதியில் இரண்டாவதாக இருப்பது அதுதானே.

இந்தியாவில் முதன்முதலில் இந்தப் பட்டம் பெற்றவர் பம்பாய் வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், 1842ல். 1857ல் அவரே பாரனெட்டும் ஆனார். நைட் பட்டம் அந்த மனிதரோடு முடிந்துவிடும், பாரனெட் மகனுக்குப் போகும். இரண்டுக்கும் முன்னால் சர் என்றே போடுவதால் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். மும்பையில் ஜேஜே ஆஸ்பத்திரி, ஜேஜே ஓவியப் பள்ளி என்று சொல்கிறார்களே, அந்த ஜேஜே இவர்தான்.

புனேவில் இருப்பதால் காவேரிக்கரை அவர்களுக்கு இன்னொரு பெயர் சொல்ல வேண்டும்: ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர். 1911ல் சர் ஆனார். சமஸ்கிருதச் சொற்கள் பிராகிருதத்தின் வழியாகத் தேய்ந்து மராத்தியாக எப்படி மாறின என்பதைப் பற்றி 1877லேயே பம்பாயில் சொற்பொழிவு ஆற்றியவர். அவர் பெயரில் 1917ல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. தாகூர் 1915ல் பெற்று, ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919ல் துறந்தார். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். நாடு விடுதலை பெற்றபின் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு இந்த மாதிரிப் பட்டங்களுக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

நம் பக்கத்துக்கு ஒன்று. சர் பட்டத்தைச் சொந்தப் பெயரோடு சேர்க்க வேண்டும், குடும்பப் பெயரோடு மட்டும் சேர்க்கக் கூடாது என்பது ஆங்கில முறை. 1929ல் நம் சி.வி.ராமன் சர் ஆனார். அவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. சந்திரசேகர் அப்பா பெயர், வேங்கடராமன் அவர் பெயர். அதனால் சர் ராமன் என்று சொன்னால்கூட ஆங்கில முறைப்படி சரியாகவே வந்துவிடுகிறது.

நாம் தமிழில் பட்டத்துக்கு சர், ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் சார் என்று கால் போட்டுப் பிரித்துக்கொண்டோம். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்தான்.

#11 பழஞ்சொல்

இப்போது தமிழ்க் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் என்ற சொல் வீரனைக் குறிப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது இல்லை. காலாட்படைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் இன்ஃபன்ட்ரி கூட இளைஞன் என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'மழவும் குழவும் இளமைப் பொருள' என்கிறது தொல்காப்பியம். அந்த மழவிலிருந்துதான் மழவர், சங்கப் பாட்டில் வரும் வீரர்கள்.

ஆனால் உங்கள் மகனுக்கு நான் தர விரும்பும் சொல் வேறு. திருவாசகத்தில் கீர்த்தித் திருவகவலில் மாணிக்கவாசகர் சிவபெருமானைச் சொல்கிறார்: 'மதுரைப் பெருநன் மாநகர் இருந்து குதிரைச் சேவகன் ஆகிய கொள்கையும்'. சேவகன் என்பதை இன்று ஊழியன் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பழந்தமிழில் அதற்கு வீரன் என்ற பொருளும் உண்டு, சேவகம் என்றால் வீரம். ஊழியன், வீரன் இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன, முன்னால் குதிரையும் நிற்கிறது. க்னிஃட் பல நூறு வருடத்தில் கடந்த தூரம் முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை.

#12 கம்பம்காரன்

அக்கா, ஐயா எல்லோருக்கும் சலாம். ஐந்து நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், எங்கள் பெயர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் ராவுத்தர்கள். என் பாட்டனார் பெயரோடு ராவுத்தர் உண்டு. தமிழ் அகராதியில் இராவுத்தன் என்றால் குதிரைவீரன். குதிரைப்படையிலும் குதிரை வணிகத்திலும் இருந்தவர்களுக்கு வந்த பெயர் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தெலுங்கில் ராவுது, கன்னடத்தில் ராவுத. மராத்தியில் ராவூத், அங்கேயும் குதிரைச் சிப்பாய் என்றுதான் பொருள். எல்லாம் ஒரு வேர்: ராஜபுத்திர. பிராகிருதத்தில் அது ராவுத்த என்று தேய்ந்தது. மராத்தி கடைசி ஒலியை இன்னும் தேய்த்து ராவூத் ஆக்கிவிட்டது. தமிழ் அந்த இரட்டைத் தகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. பிராகிருதச் சொல்லின் உருவம் எங்கள் வீட்டு வாசலில் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்தில் முருகனையே 'கலாபத் தனிமயில் ஏறும் இராவுத்தனே' என்று கூப்பிடுகிறார். குதிரைக்குப் பதில் மயில். பள்ளியில் தமிழாசிரியர் இந்த வரியைச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பழஞ்சொல் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் வேலைக்காரப் பையன் பிரபு ஆனான் என்றீர்கள். எங்கள் சொல் நேர் எதிர்த் திசையில் வந்திருக்கிறதே. அரசகுமாரன் என்று தொடங்கிக் குதிரைச் சிப்பாயாக இறங்கியிருக்கிறது. இரண்டும் குதிரைமேல்தான் சந்தித்துக்கொண்டனவா?

#13 பழஞ்சொல்

தம்பி, ஆமாம். அப்படியேதான். ஒருவன் கீழிருந்து ஏறி வந்தான், இன்னொருவன் மேலிருந்து இறங்கி வந்தான், இருவரும் ஒரே சேணத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முப்பது வருடமாகச் சொற்களைப் பார்க்கிறேன், இதை இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. நன்றி.

#14 தக்காணத்தான்

நான் ராவூத்தை முழுக்க மறந்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. பழைய மராத்தியில் குதிரைச் சிப்பாய்க்கு அதுதானே நேரான சொல். ஷிலேதாரும் பார்கீரும் பாரசீகம், அரபி வழியாக வந்தவை. ராவூத் மண்ணில் தேய்ந்து உருவானது. அப்படியானால் நைட் என்பதற்கு ராவூத் என்றே போடலாமா?

#15 நாசிக்வாசி

வேண்டாம். வரலாற்றுக் கட்டுரையில் போடலாம். ஆறாம் வகுப்பு நோட்டில் வேண்டாம். இன்று மராத்திக் காதில் ராவூத் என்றால் குடும்பப் பெயர், அவ்வளவுதான். என் வகுப்பிலேயே மூன்று ராவூத்கள் இருந்தார்கள். 'ராவூத் அரசன் முன் மண்டியிட்டான்' என்று எழுதினால் எந்த ராவூத் என்றுதான் கேட்பார்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். மண்டியிடும் காட்சியோடு கதை நின்றிருந்தால் சர்தார் என்பதிலேயே நிற்பேன். பாதிக் கதை குதிரைமேல் எல்லைக் காவலில் போகிறது என்பதால் ஷிலேதாருக்கு ஒத்துக்கொள்கிறேன். அடுத்த முறை வேறு கதை வந்தால் மறுபடி சண்டைக்கு வருவேன் என்று தக்காணத்தானுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

#16 உடும்புப்பிடி

இடையில் ஒரு கேள்வி. கோர்படே என்ற மராத்தா குடும்பப் பெயரும் கோடா, அதாவது குதிரையிலிருந்து வந்ததா?

#17 தக்காணத்தான்

இல்லை. கோர்பட் என்றால் மராத்தியில் உடும்பு. உடும்பைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றி, அதைப் பிடித்துக் கோட்டைச் சுவரில் ஏறியவர்கள் என்று அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கதை உண்டு. உங்கள் பெயருக்கு ஏற்ற கேள்விதான். குதிரைத் தொடர்புள்ள குடும்பப் பெயர் வேண்டுமானால் பாக்னிஸ் இருக்கிறது. பாகாவின் கணக்குப் பார்த்தவர்கள்.

#18 காவேரிக்கரை

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பதில் எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மகன் நோட்டில் ஷிலேதார் என்று எழுதினான். ஏன் சர்தார் போடவில்லை என்று ஆசிரியை கேட்டாராம். "அவனிடம் ஒரு குதிரைதான் இருக்கிறது மேடம்" என்று சொன்னானாம். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டில் தமிழிலும் தானாகவே ஒருமுறை எழுதினான், குதிரைச் சேவகன் என்று. பழஞ்சொல் ஐயாவுக்குக் காட்டச் சொன்னான்.

கம்பம்காரன் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆஜோபாவின் கதவில் பித்தளைப் பலகையில் ராவூத் என்றுதான் இருக்கிறது. பதினொரு வருடமாகப் பார்க்கிறேன். பால் பாக்கெட் மாறிப் போனால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பேன். அது ஒரு சொல் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் போய்ச் சொன்னேன். உங்கள் பெயர் எங்கள் ஊரிலும் இருக்கிறது, முஸ்லிம் வீடுகளில் இருக்கிறது, எங்கள் முருகனையும் ஒரு கவி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார் என்றேன். அந்த வரியை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு மகனை அழைத்து தேவநாகரியில் எழுதித் தரச் சொன்னார். 'மயில் ஏறும் ராவுத்தனே' என்று அவன் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான். தமிழ் ராவுத்தனில் உள்ள இரட்டைத் தகரத்தை ஆஜோபா விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

இங்கே பர்வதி மலையில் கார்த்திகேயன் கோயில் இருக்கிறது, அவரும் மயில்மேல்தான் இருக்கிறார், வருகிறாயா என்று மகனைக் கேட்டிருக்கிறார். 103 படி. ஆஜோபாவுக்கு முழங்கால் வலி உண்டு, இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்.